மனப்பாடத்தில் மடியும் உவமை

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நான்காம் ஆண்டு வகுப்பறையில் ஒருவர் நுழைந்து, 'பசுமரத்தாணி போல' என்னும் உவமைத்தொடருக்குப் பொருள் யாது என்று வினவுவதாகக் கொள்க. கைகள் பல ஒருசேர உயரும். 'மனத்தில் ஆழமாகப் பதிதல்' என்னும் விடை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரே மூச்சில் வெளிவரும். கேட்டவர் உள்ளம் குளிரும். ஆயின் அவர் அத்துடன் அமையாது, "பசுமரம் என்பது எது? ஆணியை ஏன் அதில் அறைய வேண்டும்? காய்ந்த மரத்தில் அறைந்தால் என்ன ஆகும்?" என்று மேலும் வினவட்டும். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாய்த் தாழும். 'பசு' என்ற சொல்லைக் கேட்டு மாட்டை நினைப்போரும் சிலர் இருப்பர். பொருளை ஒப்பித்த பிள்ளைக்கு உவமை தெரியவில்லை. ஆணி மரத்தில் இறங்கவில்லை. பயிற்சி நூலின் தாளில் மட்டுமே இறங்கியிருக்கிறது.

இது பிள்ளைகளின் குற்றமன்று. தொடக்கப்பள்ளியில் அணிநயம் கற்பிக்கும் முறையின் குற்றம். அம்முறையைக் காப்பாற்றிவரும் ஆசிரியர், பெற்றோர், பயிற்சி நூல் வெளியிடுவோர் ஆகிய முத்திறத்தாரின் கூட்டுக் குற்றம் என்றும் கூறலாம்.

மலேசியத் தொடக்கப்பள்ளித் தமிழ்மொழிக் கலைத்திட்டத்தில் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, இலக்கணம் ஆகியவற்றோடு செய்யுளும் மொழியணியும் தனியொரு கூறாக இடம்பெற்றுள்ளன. 2011ஆம் ஆண்டு தொடங்கி நடைமுறைக்கு வந்த கலைத்திட்டமும், 2017இல் வந்த அதன் சீரமைப்பும் இக்கூற்றினை விடாது போற்றியுள்ளன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திருக்குறளும் ஒருபுறம். உவமைத்தொடர், மரபுத்தொடர், பழமொழி, இணைமொழி, இரட்டைக்கிளவி என்பன மறுபுறம். வேற்று நாட்டில் வாழும் தமிழ்ச்சிறார்க்கு இத்துணைச் செல்வத்தை ஆறாண்டுகளில் வழங்க முற்பட்ட திட்டம் பாராட்டுக்குரியது. அவற்றின் பொருளை அறிவதோடு சரியாகப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம். ஆகவே குறை திட்டத்தில் இல்லை. திட்டம் வகுப்பறைக்குள் வந்து சேருமுன் அடையும் உருமாற்றத்திலேயே குறை இருக்கிறது.

அவ்வுருமாற்றம் யாதெனின், இருபத்திப் பட்டியல். இடப்பத்தியில் தொடர், வலப்பத்தியில் பொருள். குன்றின் மேலிட்ட விளக்கு போல எனின் புகழ் பரவுதல். இலைமறை காய் போல எனின் திறமை வெளிப்படாதிருத்தல். சூரியனைக் கண்ட பனி போல எனின் துன்பம் நீங்குதல். பிள்ளை இடப்பத்தியைக் கண்டால் வலப்பத்தியைச் சொல்ல வேண்டும். வலப்பத்தியைக் கண்டால் இடப்பத்தியை எழுத வேண்டும். இவ்வாறு விளக்கும் குன்றும், இலையும் காயும், கதிரவனும் பனியும் இருந்த இடந்தெரியாமல் ஒழிந்துபோகின்றன. படக்கதைகளும் திரைப்படங்களும் காட்டும் மேலைநாட்டு வெண்பனியையே 'பனி' என்று எண்ணிக்கொண்டு, புல்நுனியில் நின்று விடியலில் மறையும் பனித்துளியை நினைத்தும் பாராத பிள்ளை, தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடுகிறது.

பண்டைத் திண்ணைப் பள்ளியிலும் மனப்பாடம் இருந்தது. இன்று மட்டும் அது குற்றமாவது எங்ஙனம் என்று கேட்போர் உளர். நல்ல கேள்வி, விடையும் எளிது. திண்ணையில் அமர்ந்து ஓதிய சிறுவன், தொடரை மனப்பாடம் செய்யுமுன்னரே பொருள்களை அறிந்திருந்தான். வேலியையும் அதற்குள் நின்ற பயிரையும் கண்டிருந்தான். கிணற்றை எட்டிப் பார்த்துத் தவளையின் ஒலியைக் கேட்டிருந்தான். ஆற்றில் கரைத்த புளி என்றால், புளியும் ஆறும் அவனுக்குப் புதியன அல்ல. அவன் உவமானத்தை முன்பே அறிந்தவன். கருத்தைத் தேடிச் சென்றான். அடுக்குமாடி வீட்டில் வளரும் இன்றைய சிறுவனுக்கோ கருத்து முதலில் கொடுக்கப்படுகிறது. பொருளைத் தேடிச் செல்ல வழியும் இல்லை, தேவையும் இல்லை. மனப்பாடம் அன்றும் இன்றும் ஒன்றே. அதற்கு அடியில் கிடந்த உலகம் விலகிவிட்டது. அடித்தளம் போன பின்னரும் மேல்மாடியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது எவ்வகை அறிவு?

இதன் விளைவு கட்டுரைத் தாளில் வெளிப்படையாகத் தெரியும். ஒரு மாணவன், 'என் நண்பனின் வீடு இலைமறை காய் போல மரங்களுக்குப் பின்னே இருந்தது' என்று எழுதுவதாகக் கொள்க. ஆசிரியரின் சிவப்பு மை அத்தொடரை உடனே அடித்துவிடும். 'திறமைக்கு மட்டுமே வரும்' என்று ஓரத்தில் குறிப்பும் வரும். வழக்கு அஃதே என்பது உண்மை. ஆயினும் அவ்வகுப்பில் இலையையும், அதன் பின்னே மறைந்த காயையும் மனக்கண்ணால் கண்டவன் அவன் ஒருவனாகவே இருக்கக்கூடும். பட்டியலை ஒப்பித்து, 'குமரன் இலைமறை காய் போல இருந்தான்' என்று எழுதிய மற்றவன் எதையும் காணாமலேயே மதிப்பெண் பெறுகிறான். கண்டவனுக்குச் சிவப்புக் கோடு; காணாதவனுக்குப் பாராட்டு. அடுத்த முறை முதல் மாணவன் என்ன செய்வான்? கண்ணை மூடிக்கொண்டு பட்டியலைத் திறப்பான். அந்த ஒரு கோட்டினால் தமிழ் இழந்தது ஒரு வாக்கியத்தை மட்டுமன்று.

அவன் எழுதியது வழக்கோடு பொருந்தவில்லை என்பதை ஆசிரியர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் அவன் கண்டதைப் பாராட்ட வேண்டும். "நீ கண்ட காட்சி சரி, இத்தொடரைச் சான்றோர் ஆள்களின் ஆற்றலுக்கே வழங்கி வந்தனர், ஏன் என்று எண்ணிப் பார்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் தம் சொந்த இலக்கண மரபையே நினைவுகூர்தல் வேண்டும். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே தனியோர் இயல் வகுத்தார். உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். புலி போலப் பாய்ந்தான் எனில் ஒப்புமை வினையில் உள்ளது. மழை போல் வழங்கினான் எனில் பயனில் உள்ளது. பந்து போன்ற முகம் எனில் வடிவில்; பவளம் போன்ற வாய் எனில் நிறத்தில். பின்வந்த தண்டியலங்காரம் பண்பு, தொழில், பயன் என மூன்றாக வகுத்தது. எண்ணிக்கை வேறுபடினும் இருவர் கேட்கும் வினாவும் ஒன்றே: இவ்விரு பொருள்களும் எதனால் ஒத்தன? உவமானம், உவமேயம், உவமஉருபு, பொதுத்தன்மை என்னும் நான்கு உறுப்புகளுள் உயிர் நிலையமாக விளங்குவது பொதுத்தன்மையே. இருபத்திப் பட்டியல் விழுங்கிவிடுவதும் அதனையே. தொடரையும் பொருளையும் வைத்துக்கொண்டு இரண்டையும் இணைக்கும் பாலத்தைத் தகர்த்துவிட்டு, 'மாணவர்க்கு அணிநயம் கற்பித்தேன்' என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் மரபில் வந்தோர், அம்மரபின் முதல் வினாவையே வகுப்பறையில் எழுப்பாதிருத்தல் வியப்பினும் வியப்பே.

இனி, இம்முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதல் வாதம் தேர்வு. "தேர்வில் கேட்கிறார்கள், ஆகவே மனப்பாடம் செய்விக்கிறோம்" என்பது பல ஆண்டுக்காலம் கேட்டுப் பழகிய மறுமொழி. ஆறாம் ஆண்டு இறுதியில் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கியது. நோய்த்தொற்றின் காரணமாக 2020இல் அது நடைபெறவில்லை. 2021ஆம் ஆண்டு அரசு அதனை முற்றாக நீக்கியது. பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கு முதன்மை தரப்பட்டது. எந்தப் பேயைக் காட்டிப் பட்டியல் புகுத்தப்பட்டதோ அந்தப் பேய் ஒழிந்தது, பட்டியல் ஒழியவில்லை. புலி போன பின்னும் கிலி போகவில்லை போலும்! இன்னும் சில மதிப்பீடுகள் உள்ளன என்பர். இருக்கட்டும். உவமையைப் புரிந்துகொண்ட பிள்ளை எந்தத் தேர்வில் தோற்றது? பட்டியலை மறந்த பிள்ளைக்குக் கைப்பற்ற ஒன்றுமில்லை. படத்தைக் கண்ட பிள்ளையோ பொருளை மறந்தாலும் மீண்டும் தேடிக் கண்டுகொள்ளும். தேர்வின் பெயரால் வாதிடுவோர் தேர்வுக்கும் நன்மை செய்யவில்லை.

இரண்டாம் வாதம் வயது. "சிறுபிள்ளைகளுக்கு இவ்வளவு நுட்பம் விளங்காது, இப்போது மனப்பாடம் செய்யட்டும், வளர்ந்த பின் தானே விளங்கும்" என்பர். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியே இவ்வாதத்தைக் கவிழ்க்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞராகிய சாலமன் ஆஷ் என்பார் ஹாரியட் நெர்லோவுடன் இணைந்து 1960இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். இனிமை, குளிர்ச்சி, கடினம், கோணல் முதலியவற்றைக் குறிக்கும் சொற்களைப் பிள்ளைகள் எவ்வாறு உணர்கின்றனர் என்று அவர்கள் ஆராய்ந்தனர். மிகச் சிறியோர் இச்சொற்களைப் பொருள்களுக்கு மட்டுமே வழங்கினர். சற்று வளர்ந்தோர் மனிதர்க்கும் வழங்கினர். எனினும் குளிர்ந்த நீருக்கும் குளிர்ந்த உள்ளத்துக்கும் உள்ள தொடர்பினை அவர்களால் எடுத்துரைக்க இயலவில்லை. அத்தொடர்பை விளக்கவல்லோர் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் இறுதி வயதை எட்டியோராகவே இருந்தனர். இதனால் பெறப்படுவது யாது? இரு பொருளையும் தனித்தனியே கற்றுவிடுதல் எளிது. இடையிலுள்ள தொடர்பே அரிது. அரிதான அந்த ஒன்றினுக்கன்றோ ஆசிரியர் தேவைப்படுகிறார்? பிள்ளை தானே கற்றுக்கொள்ளக் கூடியதைப் பட்டியலிட்டுக் கொடுத்து, தானே கற்க இயலாததை 'வளர்ந்தபின் விளங்கும்' என்று விட்டுவிடுவது கற்பித்தலாகாது.

பின்வந்த ஆய்வுகள் மேலும் தெளிவூட்டின. 1986இல் பிராங்க் கீல் என்பார், பிள்ளைகள் உருவகத்தை உணரும் ஆற்றல் ஒரே நாளில் முழுமையாக வந்துவிடுவதில்லை என்றும், எந்தத் துறையை நன்கறிந்துள்ளனரோ அத்துறையில் அது முந்தி மலர்கிறது என்றும் காட்டினார். எல்லன் வின்னர் என்பார் 1979இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிப் பருவத்துக்கு முற்பட்ட மழலையே பொருள்களுக்குப் புதுப்பெயரிட்டு உருவகம் படைப்பதை எடுத்துக்காட்டியது. தமிழ்த் தாய்மார்க்கு இவ்வுண்மையை ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. வளைந்த வாழைப்பழத்தைக் காதில் வைத்துத் தொலைபேசி என்று பேசும் குழந்தை, பிறைநிலவைக் கண்டு 'நிலா உடைந்துவிட்டது' என்று அழும் குழந்தை, அணிநயத்தின் வாயிலில் நிற்கும் குழந்தையே. பள்ளி அவ்வாயிலைத் திறந்துவிட வேண்டியிருக்க, பட்டியலைக் கொண்டு அடைத்துவிடுகிறது.

மூன்றாம் வாதம் மரபு. "தொடர்களை உள்ளவாறே காக்க வேண்டும், பிள்ளைகளைப் புதிதாகப் படைக்கவிட்டால் மரபு சிதையும்" என்போரின் அச்சம் மதிக்கத்தக்கது. வேற்றுமொழிச் சூழலில் தமிழைக் கட்டிக்காத்த தலைமுறையின் அச்சம் அது. ஆயின் மரபு எவ்வாறு பிறந்தது என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். இம்மண்ணுக்குத் தோட்டத் தொழிலாளராய் வந்த தமிழர் தம் ஊரில் ரப்பர் மரத்தைக் கண்டவரல்லர். பட்டையைச் சீவியதும் வெண்ணிறமாய் வடிந்ததைக் கண்டனர்; 'பால்' என்றனர். மரம் 'பால்மரம்' ஆயிற்று; அவர்தம் தொழில் 'பால்மரம் வெட்டுதல்' ஆயிற்று. தமிழகத்து நாவலாசிரியர் அகிலன் இந்நாட்டுத் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். எழுத்தறியாதோர் பலர் நிறைந்திருந்த அம்மக்கள் எந்தப் பயிற்சி நூலின் வலப்பத்தியைப் பார்த்து அச்சொல்லைப் படைத்தனர்? அறியாத மரத்தை அறிந்த பாலைக்கொண்டு அறிந்துகொண்டனர். உவமையின் தொழில் அதுவே. பினாங்குத் தமிழரும் அவ்வாறே தம் மலைகளுக்குக் கண்ணால் கண்டவாறு பெயரிட்டனர். கொடி பறந்த மலை கொடிமலை ஆயிற்று. அருவி வீழும் மலை தண்ணீர்மலை ஆயிற்று. கண்டு பெயரிட்டோரின் பேரப்பிள்ளைகள் காணாமல் ஒப்பிப்பதுதான் மரபைக் காப்பதா?

சங்கப் புலவரின் உள்ளுறை உவமம் அவரவர் நிலத்துக் கருப்பொருள்களைக் கொண்டே அமைந்தது என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குறிஞ்சியைப் பாடியோர் குறிஞ்சி நிலத்து விலங்கையும் மரத்தையும் கொண்டு உள்ளக் கருத்தை உணர்த்தினர். நிலத்தை விட்டு உவமை இல்லை. அங்ஙனமாயின் பினாங்கு நிலத்தின் கருப்பொருள்கள் யாவை என்று எந்த வகுப்பறையாவது கேட்டதுண்டா?

கேட்டுப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். 'குன்றின் மேலிட்ட விளக்கு' என்பதை விளக்க ஜார்ஜ்டவுன் ஆசிரியர்க்குப் படம் வரைய வேண்டிய தேவையே இல்லை. இருட்டிய பின் நகரத் தெருவில் நின்று கொடிமலையை நிமிர்ந்து நோக்கச் சொன்னால் போதும். மலையின் உயரத்தில் எரியும் விளக்குகள் நகரெங்கும் தெரியும். அதே விளக்கு தெருவோரம் எரிந்தால் அடுத்த தெருவுக்குத் தெரியாது. விளக்கின் ஒளி கூடவில்லை. நின்ற இடம் உயர்ந்தது. இதைக் கண்ட பிள்ளை, உயர்ந்த நிலையில் இருப்போரின் நன்மை மட்டுமன்றிக் குறையும் ஊருக்குத் தெரியும் என்று தானே சொல்லிவிடும். பட்டியலில் இல்லாத பொருள் அது. ஆயினும் உண்மையான பொருள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் பெற்றோரின் கைப்பற்றி நெரிசலில் நடந்த பிள்ளைக்கு, 'எள் விழ இடமில்லை' என்பதை விளக்க ஒரு பிடி எள் போதும். பாலிக் புலாவ் பகுதியின் ஜாதிக்காய் மரத்தடியில் நிறுத்தி, "காய்கள் எத்தனை?" என்று கேட்டால், இலைமறை காய் ஒரு நொடியில் விளங்கிவிடும். செபராங் பிறை வயல்கள் இருக்க, மழையைக் கண்ட பயிரைப் பயிற்சி நூலில் தேடுவானேன்?

இன்னும் பெரியதொரு செல்வம் உண்டு. இத்தீவின் தமிழ்ப்பிள்ளை தமிழோடு மலாய் மொழியையும் கற்கிறது. சீன மொழிகள் பேசும் அண்டை வீட்டாரோடு வளர்கிறது. மலாய்ப் பழமொழிகளும் பள்ளிப் பாடத்தில் உள்ளன. இரு பாடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புத் தமிழகத்துப் பிள்ளைக்கும் இல்லை. நகமும் சதையும் போல என்னும் தமிழ்த்தொடருக்கு நேரான தொடர் மலாயிலும் உண்டு. அங்கும் சதையும் நகமுமே. குறுகிய அறிவினனைத் தமிழர் கிணற்றுத் தவளை என்றனர். சீனரும் கிணற்றடித் தவளை என்றே கூறினர். மலாய்க்காரரோ தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைபட்ட தவளை என்றனர். தவளை மூன்று மொழியிலும் ஒன்று, சிறைதான் வேறு. தென்னைமரம் நிறைந்த மண்ணில் சிரட்டை வந்தது இயல்பே அன்றோ?

மற்றொன்று இதனினும் நுட்பமானது. தாமரை இலைத் தண்ணீர் என்று தமிழர் சொல்வது ஒட்டியும் ஒட்டாமலும் வாழும் பற்றற்ற நிலையை. மலாய்க்காரர் சேம்பிலையில் நீரூற்றியது போல என்பர். அங்கும் இலை நனைவதில்லை, துளி உருண்டோடுகிறது. ஆனால் அவர் சொல்லும் பொருள், எத்துணை அறிவுரை கூறினும் ஏற்காதவன் என்பது. தமிழில் அதற்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம் அல்லவா, அப்பொருள். காட்சி ஒன்று, கருத்து இரண்டு. ஒருவர் இலையைப் புகழ்ந்தார். ஒருவர் இலையைப் பழித்தார். இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் எதிரெதிரே வைத்து, ஒரு சேம்பிலையையும் ஒரு குவளை நீரையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தால், உவமை என்பது எது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை உணர்ந்துகொள்ளும். உவமானத்தில் பல தன்மைகள் கிடக்கின்றன. சொல்வோன் அவற்றுள் ஒன்றைத் தேர்கிறான். இந்தத் தேர்வைக் கற்பிப்பதே அணிநயம் கற்பித்தல். வலப்பத்தி எத்துணை நீண்டாலும் இதைக் கற்பிக்காது.

"இதற்கெல்லாம் நேரமேது?" என்னும் முறையீடு இறுதியாக எழும். பாடவேளை குறைவு, பணிச்சுமை மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆசிரியர்பால் பரிவு கொள்ளாதோர் அவர்தம் நாளை அறியாதோர். எனினும் ஒரு பாடவேளையில் பத்துத் தொடர்களை ஒப்பிக்கச் செய்து, மறுவாரம் மறந்ததைக் கண்டு மீண்டும் ஒப்பிக்கச் செய்யும் நேரத்தைக் கணக்கிட்டால், ஒரே தொடரை நன்கு காட்டுவதற்கான நேரம் அதற்குள்ளேயே ஒளிந்திருப்பது தெரியவரும். முறையும் கடினமன்று. முதலில் பொருளைக் காட்டுக. இயலாதாயின் படத்தையேனும் காட்டுக. பின்னர், "இது என்ன செய்கிறது? எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பிள்ளைகள் சொல்வன யாவற்றையும் பலகையில் எழுதுக. மூன்றாவதாக, "இவற்றுள் எந்தத் தன்மையை இத்தொடர் எடுத்துக்கொண்டது? எதை விட்டுவிட்டது?" என்று வினவுக. நிலவு போன்ற முகம் எனில் ஒளியா, வட்டமா, குளிர்ச்சியா? நிலவின் கறையை ஏன் விட்டார்கள்? இறுதியில், "இதே கருத்தை நீ கண்ட ஒரு பொருளைக்கொண்டு சொல்" என்று விடுக. அதன்பின் தொடரையும் பொருளையும் மனப்பாடம் செய்யட்டும். அப்போது மனப்பாடம் பாரமாகாது, பரிசாகும். கை கொடுத்தல், கை கழுவுதல், கை ஓங்குதல் போன்ற மரபுத்தொடர்களைப் பிள்ளைகளே நடித்துக் காட்டலாம். 'கம்பி நீட்டுதல்' போலக் காரணம் எளிதில் புலப்படாத சிலவற்றை வழக்கென்றே ஏற்று நெட்டுருப் போடலாம், அதில் தவறில்லை. விளங்கக் கூடியதையும் விளங்காததையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமத்துவதே தவறு.

பிள்ளைகள் தாமே படைக்கும் உவமைகள் சில நகைப்புக்கு இடமாகலாம். ஆகட்டுமே. 'தேர்வு அறை கப்பல் போன பின் துறைமுகம் போல அமைதியாக இருந்தது' என்று ஒரு பிள்ளை எழுதினால், அது எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதற்காக அதை அடித்துவிடும் உரிமை எவருக்கும் இல்லை. அப்பிள்ளை துறைமுகத்தையும் கண்டது. தேர்வு அறையையும் கண்டது. இரண்டையும் தமிழில் இணைத்தது. மாதிரிக் கட்டுரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து ஒட்டப்படும் பத்து உவமைத்தொடர்களுக்கு அந்த ஒன்று ஈடு.

இந்நாட்டுத் தமிழ்க் கல்வி தன் தொடக்கத்தை இத்தீவிலேயே கண்டது. 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே முதற்படியாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. இன்று பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றைக் காக்கப் பட்ட பாடு சிறிதன்று. கட்டடம் வேண்டும், நிலம் வேண்டும், மாணவர் எண்ணிக்கை வேண்டும் என்று தலைமுறைகள் போராடியுள்ளன. அத்துணை போராடிக் காத்த வகுப்பறைக்குள் நடப்பது என்ன என்பதையும் அதே அக்கறையோடு கேட்டல் வேண்டும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே தமிழ் பயிற்றுமொழி அன்று. வாரத்தில் சில பாடவேளைக்கு வந்து போகும் ஒரு பாடம். சில பள்ளிகளில் அதுவும் அரிது. ஆகவே பன்னிரண்டு வயதுக்குள் தமிழ் அப்பிள்ளைக்குக் கண்ணாக அமைந்துவிட வேண்டும். கண்ணாக அமைந்தது போகாது. பட்டியலாக வந்தது, ஆண்டு இறுதியில் பயிற்சி நூலோடு பழைய தாள் வாங்குவோரிடம் போய்விடும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதும் அப்பட்டியலில் உள்ள பழமொழியே. அதன் பொருளையும் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். அதைக் கற்பிப்போர் ஒருமுறை தம் பாடவேளையை நினைத்துக்கொண்டு அப்பழமொழியைப் படித்துப் பார்ப்பது நன்று. அடுத்த பாடத்துக்குச் செல்லும்போது ஆசிரியர் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு, ஒரு பச்சைக் கொம்பும், ஒரு காய்ந்த கட்டையும், ஒரு சுத்தியலும், இரண்டு ஆணிகளும் எடுத்துச் செல்லட்டும். பிள்ளைகளே அறைந்து பார்க்கட்டும். எதில் ஆணி எளிதாய் இறங்கிற்று, எதில் கட்டை பிளந்தது என்று அவர்களே சொல்லட்டும். பசுமை இருக்கும்போதே அறைய வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று.